ஆயில் முள், ஹீட் முள், ஆம்பியர் முள்: பழைய டிராக்டரின் மீட்டர்களை ரசிப்பது எப்படி?

பழைய டிராக்டர் ஒன்று கண்ணில் பட்டால் எல்லோரும் முதலில் பானெட்டைத்தான் பார்ப்பார்கள். கம்பெனிப் பெயர் மிச்சம் இருக்கிறதா, பெயின்ட் எந்த அளவுக்குப் போயிருக்கிறது, பின் டயர் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு சுற்று வருவார்கள். அந்தச் சுற்றை முடித்துவிட்டு, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சீட்டுப் பக்கம் ஏறி நில்லுங்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள போர்டில் வட்ட வட்டமாக மீட்டர்கள் இருக்கும். ஒன்றில் கண்ணாடி இருக்காது, ஒன்றில் முள் இருக்காது. இன்னொன்று போர்டிலேயே இல்லாமல் தகரப் பட்டியில் தொங்கும். அந்த வண்டி எந்த ஊரில் பிறந்தது, எந்த மண்ணில் உழைத்தது, அதன் சொந்தக்காரர் எதை நினைத்துப் பயந்தார் என்பதெல்லாம் அந்த வட்டங்களில் இருக்கிறது.

கொற்கை, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணியின் வடகால், தென்கால் தண்ணீர் பாயும் வயற்காடுகளைச் சுற்றிப் பாருங்கள். வாழைத்தோட்டத்து ஓலைக் கொட்டகையிலும், ரோட்டோர ஒர்க்ஷாப்பின் பின்பக்கமும் இத்தகைய வண்டிகள் நிற்கின்றன. சில இன்றும் வாழைத்தார் டிரெய்லரை இழுக்கின்றன. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கையில் 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை குழி வெட்டி, ஒவ்வோர் அடுக்காகக் காலத்தைப் படித்தது. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. டிராக்டரின் மீட்டர் போர்டையும் அப்படி அடுக்கடுக்காகத்தான் படிக்க வேண்டும். அடியில் இருப்பது தொழிற்சாலை வைத்தது, அதற்கு மேலே மெக்கானிக் வைத்தது, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீரும் வெயிலும் விட்டுப்போனது. பிறகு சேர்த்த மீட்டரை வண்டியின் குறையாக நினைக்க வேண்டாம். என் கண்ணுக்கு, அந்தப் போர்டிலேயே அதிகம் பேசும் பொருள் அதுதான்.

கம்பெனி என்ன வைத்து அனுப்பியது என்று தெரிந்தால்தான் சேர்த்தது எது என்று சொல்ல முடியும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20-இல் முக்கியமானவை ஆயில் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும்தான். அதற்கு அடுத்து 1956இல் வந்த ஃபெர்குசன் 35-இன் டீலக்ஸ் வகையில் ‘டிராக்டர்மீட்டர்’ என்ற பெரிய டயல் வந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு 540 சுற்றை எட்ட முள் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே வட்டத்துக்குள். அந்த 35-தான் பிறகு மாஸி ஃபெர்குசன் 35 ஆயிற்று. 1960இல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கியபின், அதே வம்சத்தில் 1035 வந்து நம் ஊர் வயல்களை நிறைத்தது. இன்னொரு பக்கம் மகிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்து 1963இல் தொடங்கிய கம்பெனியின் பி-275. செக்கோஸ்லோவாகியாவின் ஸெட்டர், அதன் வழியில் பிஞ்சூரில் எச்.எம்.டி. 1971இல் கொண்டுவந்த 2511. எஸ்கார்ட்ஸோடு சேர்ந்து வந்த ஃபோர்டு. ஃபோர்டு வண்டிகளில் இதே பெரிய டயலுக்கு ‘ப்ரூஃப்மீட்டர்’ என்று பெயர். கியர் வாரியாக வண்டியின் வேகத்தைக் காட்டும் வளையங்கள் அதில் உண்டு.

இனி முள் முள்ளாகப் பார்க்கலாம்.

ஆயில் மீட்டரில் இருப்பது போர்டன் குழாய். யூஜீன் போர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. தட்டையாக நசுக்கிய பித்தளைக் குழாயை வளைத்து, ஒரு முனையை அடைத்துவிடுவார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்வைச் சின்னப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். எஞ்சினிலிருந்து மெல்லிய செம்புக்குழாயில் ஆயிலே மீட்டரின் முதுகு வரை வருகிறது. அதனால்தான் பழைய டயல்களின் கண்ணாடிக்கு உள்ளே மஞ்சளாக ஆயில் கசிந்த கறை தெரியும். அந்தக் கறை இருந்தால் மகிழுங்கள், அந்த மீட்டர் உண்மையாக வேலை செய்திருக்கிறது. போர்டன் குழாய்க்கு ஆயிலும் காற்றும் ஒன்றே. லாரியின் ஏர் பிரேக் மீட்டரை ஆயில் லைனில் மாட்டினாலும் அது ஒழுங்காகக் காட்டும். எனவே டிராக்டர் போர்டில் ஆயில் அழுத்தத்துக்குத் தேவையே இல்லாத அளவு நீண்ட அளவுகோல் தெரிந்தால், அது வேறு வாகனத்திலிருந்து வந்ததா என்று சந்தேகப்படலாம்.

ஹீட் மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும். தாமிரபரணிக் கரைக்கு மிகவும் தேவைப்பட்ட மீட்டர் அதுதான் என்பது என் எண்ணம்.

கார் பருவ நடவுக்கோ பிசானப் பருவ நடவுக்கோ தண்ணீர் கட்டி, கேஜ் வீல் மாட்டித் தொளி அடிக்கும் வண்டியைப் பாருங்கள். சக்கரம் சேற்றில் புதைகிறது. வண்டி நகர்வது மெதுவாக, எஞ்சின் இழுப்பதோ முழுப் பாரம். தெறிக்கிற சேறு ரேடியேட்டர் இடுக்குகளில் அப்பிக் காய்கிறது. அறுவடை முடிந்து களத்தில் நின்றபடி கதிரடித்தால் சேற்றுக்குப் பதில் தூசும் உமியும் அடைக்கும். காற்று புகாத ரேடியேட்டர் எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும். ஆவி பறப்பதை டிரைவர் பார்க்கும்போது சில சமயம் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஒரு போகத்து உழவு வருமானம் அந்த ரிப்பேரில் கரைந்துவிடும். அப்படி ஒருமுறை பட்டவர் அடுத்த முறை ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது ஹீட் மீட்டர் மாட்டாமல் திரும்பமாட்டார்.

அதன் உள்வேலை அழகானது. எஞ்சின் தண்ணீரில் முங்கியிருக்கும் சின்ன பித்தளைக் குமிழுக்குள் ஈத்தர் போன்று சீக்கிரம் ஆவியாகும் திரவம் இருக்கும். சூடு ஏற ஏற அதன் ஆவி அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் முடிபோல மெல்லிய குழாய் வழியாக மீட்டருக்கு வந்து அங்கேயும் ஒரு போர்டன் குழாயைத்தான் நிமிர்த்துகிறது. ஆக, ஹீட் மீட்டர் என்று நாம் சொல்வது உண்மையில் அழுத்த மீட்டர். ஆவியின் அழுத்தம் சூட்டோடு ஒரே சீராக ஏறாது, மேலே போகப் போகத் தாவி ஏறும். அதனால் டயலில் கீழ்ப்பக்கத்து எண்கள் நெருக்கி அடித்து நிற்கும், கொதிநிலையை நெருங்கும்போது எண்களுக்கு நடுவே இடைவெளி அகலும். டயலில் இந்தச் சீரற்ற இடைவெளி தெரிந்தால் அது ஈத்தர் மீட்டர் என்று தொடாமலேயே சொல்லிவிடலாம். ஆபத்து இருக்கும் பக்கத்தில் முள் நன்றாக அசைந்து காட்டுகிறது என்பது இதன் தனிச் சிறப்பு.

இந்த முடிக்குழாயை வெட்டி ஒட்ட முடியாது. வெட்டினால் ஈத்தர் போய்விடும், மீட்டர் செத்துவிடும். ஆகவே நீளம் மிச்சமானால் சுருட்டித்தான் வைக்க வேண்டும். போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் அளவாக வந்து முடிந்திருந்தால் அது அந்த வண்டிக்கென்றே செய்ததாக இருக்கலாம். ஏழெட்டுச் சுற்று சுருட்டி நூல்கம்பியால் கட்டியிருந்தால், அது எஞ்சினுக்கும் போர்டுக்கும் நடுவே தூரம் அதிகமுள்ள பஸ்ஸுக்கோ லாரிக்கோ செய்த மீட்டர் என்று நினைக்க இடமுண்டு. குமிழ் எங்கே இறங்குகிறது என்பதையும் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டிலேயே மரையோடு கூடிய இடம் வார்த்து அதில் இறங்கினால் கம்பெனி வேலை. ரேடியேட்டரின் மேல் ஹோஸை நடுவில் அறுத்து, இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, இருபக்கமும் கிளிப் போட்டு, அந்தத் துண்டில் குமிழைத் திருகியிருந்தால் நம் ஊர் லேத் பட்டறையின் வேலை. அந்தத் துண்டின் கடைசல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நின்று பாருங்கள்.

ஹீட் மீட்டருக்கு இன்னொரு பூர்வகதை உண்டு. பழைய சில டிராக்டர்கள் மண்ணெண்ணெய் மாதிரியான எரிபொருளில் ஓடின. ஃபெர்குசனிலும் 1949இல் அப்படியொரு வகை வந்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் போதுமான சூட்டுக்கு வந்தபின் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சீக்கிரம் மாற்றினால் எண்ணெய் முழுதாக எரியாமல் கிரேங்க்கேஸுக்கு இறங்கி ஆயிலைக் கெடுக்கும். அங்கே ஹீட் மீட்டர் ‘இப்போது மாற்றலாம்’ என்று சொல்லும் கருவி. அதற்கும் முன்னால், அமெரிக்காவில் 1912இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டரை ரேடியேட்டர் மூடியிலேயே தெர்மாமீட்டராகத் திருகி வைத்தார்கள். டிரைவர் பானெட்டுக்கு மேலாகவே சூட்டைப் பார்த்துக்கொள்ளலாம். இன்று அதை அலங்காரமாக விற்கிறார்கள், ஆனால் அது வேலைக்காகப் பிறந்த பொருள்.

ஆம்பியர் மீட்டரில் பூஜ்யம் நடுவில் இருக்கும், இருபக்கமும் 20 அல்லது 30 வரை. கூட்டல் பக்கம் போனால் பேட்டரி ஏறுகிறது, கழித்தல் பக்கம் போனால் இறங்குகிறது. இதை ரசிக்க எளிய சோதனை உண்டு. எஞ்சின் நிற்கும்போது ஹெட்லைட்டைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாய வேண்டும். கூட்டல் பக்கம் சாய்ந்தால் பின்னால் இருக்கும் இரண்டு தடித்த வயர்களை யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது வண்டியின் எர்த் மாறியிருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் கூட்டல் முனைதான் எர்த். பிறகு நம் எலக்ட்ரீஷியன்கள் வழக்கப்படி கழித்தலை எர்த் ஆக்கினார்கள். அப்போது மீட்டரின் வயர்களை மாற்ற மறந்திருந்தால் முள் இன்றுவரை எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டிகளில் ஆம்பியர் மீட்டர் பெரும்பாலும் வெறும் முகம்தான். அவ்வளவு கரன்ட் தாங்காது என்று வயரைச் சுற்றுவழியில் கொண்டுபோயிருப்பார்கள். பக்கத்திலேயே புதிதாக ஒரு வோல்ட் மீட்டர் இருந்தால் காரணம் இதுதான்.

டீசல் மீட்டரை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. டேங்கில் குச்சி விட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்த ஊரில் அதற்கு மதிப்புக் குறைவு.

மணி காட்டும் மீட்டரை மட்டும் அவசரமாக நம்பிவிடாதீர்கள். பழைய டிராக்டர்மீட்டர் கடிகாரம் பார்த்து மணி கணக்கிடவில்லை, கேபிள் வழியாக எஞ்சினின் சுற்றை எண்ணியே மணியாகக் காட்டியது. 1,500 சுற்றுக்கு அமைத்த மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு மணி ஏறும். 750 சுற்றில் சும்மா உறுமிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றால் அரை மணிதான் ஏறும். பாசனக் கிணற்றடியில் மெதுவாகப் பம்பு ஓட்டிய வண்டிக்கும், தொளியில் முழு வேகத்தில் உழைத்த வண்டிக்கும் ஒரே எண் இருந்தால், கடிகாரக் கணக்கில் அதிக நேரம் ஓடியது பம்பு ஓட்டியதுதான். எண்கள் எல்லாம் அசையாமல் நின்றிருந்தால் கேபிள் அறுந்த நாளில் கணக்கும் நின்றது என்று பொருள். பிறகு பேட்டரியில் ஓடும் குட்டி ஹவர் மீட்டர் ஒன்றைத் தனியாக மாட்டியிருந்தால் அது வாடகைக்கு ஓடிய வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். மணிக்கு இவ்வளவு என்று பேசி உழுதவருக்கு அதுதான் தராசு.

டயலின் முகத்தைப் படிக்கச் சில அடையாளங்கள். இங்கிலாந்து வண்டிகளில் ஸ்மித்ஸ் கம்பெனியின் பெயர் அடிக்கடி வரும். பல ஸ்மித்ஸ் மீட்டர்களில் டயலின் அடியில், சட்டத்தின் ஓரத்தில் பாதி மறைந்து, பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.எல். என்று தொடங்கினால் அழுத்த மீட்டர், பி.டி. என்றால் கரன்டில் ஓடும் பைமெட்டல் ஹீட் மீட்டர், எஸ்.என். என்றால் கேபிளில் ஓடும் வேகமீட்டர். டிராக்டரில் எஸ்.என். இருந்தால் அது காரிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு. சூடு ஃபாரன்ஹீட்டில் இருந்தால் பெரும்பாலும் பழையது, அல்லது வெளிநாட்டுத் தயாரிப்பு. இந்தியா 1956இல் சட்டம் போட்டு 1958 அக்டோபரில் மெட்ரிக் எடையளவுகளைத் தொடங்கிய பிறகு சென்டிகிரேடும், அழுத்தத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்ற கணக்கும் மெல்ல ஏறின. இந்த அழுத்தக் கணக்கில் ஒரு கிலோ என்பது சதுர அங்குலத்துக்கு 14.2 பவுண்டு. டயலில் 4 கிலோ என்றால் பழைய கணக்கில் 57 பவுண்டு. ஆனால் பவுண்டை மட்டும் வைத்துப் பழமையை முடிவுசெய்ய வேண்டாம், டயர் கடையில் இன்றும் பவுண்டுதான் பேசுகிறார்கள். ஸெட்டர் முதலிய கிழக்கு ஐரோப்பிய வண்டிகள் தொடக்கத்திலிருந்தே மெட்ரிக். ரஷ்ய எழுத்து இருந்தால் பேலாருஸ் டிராக்டர் வழி வந்த டயலா என்று பாருங்கள்.

நம் பக்கத்துக்கு மிகப் பயனுள்ள அடையாளம் கோயம்புத்தூரின் பிரிக்கால். அந்தக் கம்பெனி 1975இல் தொடங்கியது. ஐம்பதுகளின் ஃபெர்குசனில் பிரிக்கால் பெயர் தாங்கிய மீட்டர் இருந்தால், வண்டி பதினைந்து வருடமாவது ஓடியபிறகு அதன்மேல் ஒருவர் மறுபடி பணம் போட்டிருக்கிறார் என்று தெரிகிறது. கைவிட நினைத்த வண்டிக்கு யாரும் புது மீட்டர் வாங்கமாட்டார்கள்.

ஓட்டையும் பேசும். தொழிற்சாலை அச்சில் அடித்த ஓட்டையின் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், பெயின்ட் உள்விளிம்பு வரை ஓடியிருக்கும். பட்டறையில் வரிசையாகத் துளை போட்டு அரத்தால் ராவிய ஓட்டையில் ரம்பப் பல் போல நெளிவு தெரியும், விளிம்பில் வெறும் இரும்பு துருப்பிடித்திருக்கும். சாதாரண மீட்டருக்கு 52 மில்லிமீட்டர் ஓட்டை. ஓட்டை பெரிதாகவும் மீட்டர் சிறிதாகவும் இருந்து, நடுவில் டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றியிருந்தால் அங்கே முன்பு வேறொன்று இருந்தது. ஆயிலுக்கு எச்சரிக்கை விளக்கு மட்டும் வைத்து வந்த வண்டியில், அதே இடத்தில் டி-பிட்டிங் போட்டு விளக்கையும் வைத்துக்கொண்டு ஆயில் மீட்டரையும் சேர்த்திருப்பார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த ஜோடிப்பு. ஏரல் பக்கத்து மெக்கானிக் ஒருவர் அதன் காரணத்தை ஒரே வரியில் சொன்னார்: “முள்ளு பொய் சொல்லாது அண்ணாச்சி, பல்புதான் ஃபியூஸ் போயிட்டுச் சும்மா இருக்கும்.”

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய வண்டிகளை மீட்டெடுக்கும் ஆர்வம் இப்போது கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் முதலில் பறிபோவது இந்தச் சேர்த்த மீட்டர்கள். தகரப் பட்டியை அறுத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு, பளபளக்கும் நகல் டயல்களை வரிசையாகப் பதிக்கிறார்கள். கோவென்ட்ரியிலிருந்து அன்று இறங்கிய மாதிரி வண்டி ஆகிவிடுகிறது. அது இந்த ஊரில் கழித்த ஐம்பது வருடத்தின் சாட்சி போய்விடுகிறது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, வயரும் குழாயும் எங்கிருந்து எங்கே போயின என்று எழுதி, மீட்டரைத் துணியில் சுற்றி வண்டியின் டூல் பாக்ஸிலேயே வையுங்கள்.

தாமிரபரணிக் கரையில் 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தையும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் தனித்தீவாக நின்றன. அந்த வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் கண்ணாடிக்கு உள்பக்கம் பாருங்கள். சட்டத்தின் இடுக்கு வழியாகப் புகுந்த வண்டல் டயலின் அடிப்பாதியில் பிறைபோலப் படிந்திருக்கும். போர்டு முழுக்க எல்லா டயல்களிலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் இருந்தால் தண்ணீர் அங்கே வந்து நின்றது. ஒரு டயலில் மட்டும் கோடு இல்லை என்றால் அது வெள்ளத்துக்குப் பிறகு மாட்டியது. துடைக்கலாமா என்று உரிமையாளர் கேட்டால், முள்ளும் சுழலும் பகுதிகளும் துருப்பிடித்து இறுகும் என்பதால் உள்ளே சுத்தம் செய்வது நல்லது என்றே சொல்வேன், ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு.

கடைசியாக, ஓடும் வண்டியில் மீட்டர்களைப் பாருங்கள், நிற்கும் வண்டியில் பாதிதான் தெரியும். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போவது நல்லது. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் முள் துள்ளி மேலே போகும், குளிர்ந்த ஆயில் தடிமனாக இருப்பதால் அழுத்தம் அதிகம். ஆம்பியர் முள் கூட்டல் பக்கம் பாயும், ஸ்டார்ட்டர் குடித்ததைப் பேட்டரி திருப்பி வாங்குகிறது. ஹீட் முள் சிறிது நேரம் அசையவே அசையாது. பிறகு ஹீட் முள் ஏற ஏற ஆயில் முள் இறங்கும், ஆம்பியர் முள் நடுவை நோக்கி வரும். மூன்றும் ஒன்றையொன்று பார்த்து நகர்வதைக் கால்மணி நேரம் நின்று கவனியுங்கள். அதில் ஒன்று மட்டும் கட்சி மாறி நின்றால் கோளாறு எஞ்சினிலா மீட்டரிலா என்று யோசிக்கத் தொடங்கலாம்.

வண்டி சூடானதும் உரிமையாளரிடம் கேட்டு எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுக்கச் சொல்லுங்கள். ஹீட் முள் இருந்த இடத்திலேயே நின்று மெல்ல மெல்ல இறங்கினால் ஈத்தர் மீட்டர். சாவி எடுத்த உடனே ஒரு மூலைக்குப் போய் விழுந்தால் கரன்டில் ஓடுவது. அந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இத்தனை மீட்டரில் நீங்கள் உண்மையாகவே பார்த்து ஓட்டுவது எதை? அவர் எந்த வட்டத்தில் விரலை வைக்கிறாரோ, அதன் பின்பக்கத்தை டார்ச் அடித்து முதலில் பாருங்கள்.